ஹைஃபை ஆண்ட்டி

அவர் கையில் எப்போதும் இரண்டு ரிமோட்டுகள் இருக்கும். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பார். ஒரு பக்கம் கேபிள் டிவி கம்பெனி கொடுத்த ரெக்கார்டர் பாக்ஸின் ரிமோட். திருப்பினால் ஆம்ப்ளிஃபையரின் ரிமோட். "இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் சவுண்டு" என்பார். புதிதாக யாராவது அதை வாங்கி ஒரு பட்டனை அழுத்தினால், அடியில் இருக்கும் விரல் மறுபக்கத்தில் கட்டாயம் வேறு எதையாவது அழுத்திவிடும். அவருக்கு மட்டும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

டிவியோடு வந்த ரிமோட் தனி. அது சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில், கற்பூர டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. டிவி வாங்கிய அன்றே அதன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ரிமோட்டைச் சாமி பொறுப்பில் விட்டுவிட்டார். டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர்மேல் அவருக்குக் கொஞ்சமும் மரியாதை கிடையாது.

"பிஸ்கட் டின்னுக்குள்ள ஆள உக்கார வச்சுப் பேச விட்ட மாதிரி இருக்கும். மனுஷன் கேப்பானா அத?"

அதனால் பாக்ஸிலிருந்து படம் மட்டும் டிவிக்குப் போகும். சத்தம் சிவப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய், அங்கிருந்து என் இடுப்பளவு உயர ஸ்பீக்கர்கள் இரண்டின் வழியாக வெளியே வரும். ஸ்பீக்கர்களுக்கு லேஸ் உறை தைத்துப் போட்டிருந்தார். ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு குமிழ் உண்டு. ரிமோட்டில் அழுத்தினால் அந்தக் குமிழ் ஆள் தொடாமல் தானாகத் திரும்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு ஆடியோ தொழிற்சாலையில் அவர் வெகுகாலம் வேலை பார்த்தவர். சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை. ஊழியர்களுக்கு மலிவு விலையில் கொடுத்தபோது வாங்கிப் போட்ட செட் அது. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்க அவரை ஹைஃபை ஆண்ட்டி என்றுதான் சொல்வார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். "பேர எழுதிட்டா நான்தான்னு தெரிஞ்சிடும்ல" என்று சொல்லக்கூடிய ஆள். அவர் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்றாலும் அந்த விஷயத்தில் நான் ரிஸ்க் எடுப்பதாக இல்லை.

கல்யாணமாகி நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில், எங்கள் மாடியில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். "வாங்க, உக்காருங்க" என்பார்கள். கண் திரையில் இருக்கும். நம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொன்னால், "அய்யய்யோ" என்பார்கள். அது நமக்கா, நாடகத்தில் வருகிறவளுக்கா என்று தெரியாது.

ஆண்ட்டி வீட்டில் அப்படி இல்லை. கதவு எந்நேரமும் திறந்திருக்கும், கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். அவருடைய நாற்காலி, ஒரு கண் டிவிக்கும் ஒரு கண் வாசலுக்கும் என்கிற மாதிரி குறுக்கே போடப்பட்டிருக்கும். வாசலில் நம் நிழல் விழுந்ததும் ரிமோட்டில் நிறுத்தும் பட்டனை அழுத்திவிடுவார். திரையில் மருமகள் ஓங்கிய கை மாமியார் கன்னத்துக்கு அரை அடி முன்னால் அப்படியே நின்றுவிடும். எதிர் நாற்காலியைக் காட்டுவார். அதற்கு நேர் மேலே டியூப்லைட். நாம் உட்கார்ந்ததும் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார்:

"இப்ப சொல்லு."

நமக்காக ஒரு அறையையே காற்றில் நிறுத்தி வைக்கிற வீட்டில் எதைச் சொல்லாமல் இருக்க முடியும்? நாம் சொல்வோம். அவர் வேறெங்கும் பார்க்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார். முடித்ததும் கொஞ்ச நேரம் யோசிப்பார்.

"சரி. முதல்லேர்ந்து சொல்லு. இப்ப நிதானமா."

இதை ஒரு விமர்சனம் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஹைஃபை வைத்திருப்பவர். தரம் பார்ப்பவர். நாம் சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது என்று இரண்டாம் தடவை ஒழுங்காகச் சொல்வோம். முதல் தடவை விட்டதைச் சேர்ப்போம், கூட்டிச் சொன்னதைக் குறைப்போம். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வலியோடு வருவார்கள், திரும்பும்போது பில்லைப் பார்த்து இன்னொரு வலியோடு போவார்கள். இரண்டையும் கேட்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் என் கணவர் கைப்பேசியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டே, "ம், அப்புறம்?" என்பார். நான் பேச்சை நிறுத்திப் பல நிமிடம் ஆன பிறகும் "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு ஆள் என்னை நேருக்கு நேர் பார்த்து முதலிலிருந்து சொல் என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம். அம்மா வீட்டில்கூட என் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நாளடைவில் எங்கள் மாடிக்காரர்கள் ஆண்ட்டியிடம் சொல்லப்போவதை லிஃப்டிலேயே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நானும்தான்.

கீழ் வீட்டுச் சீன அங்கிள் ஒருநாள் சண்டை போட வந்தார். ஆண்ட்டி வீட்டுச் சத்தத்தில் தன் வீட்டு மீன் தொட்டியில் தண்ணீர் நடுங்குகிறது என்பது அவருடைய புகார். நான் அப்போது அங்கே இருந்தேன். இருவருக்கும் பொதுவான மொழி பழைய சந்தை மலாய். அங்கிள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கக் கத்தினார். ஆண்ட்டி படத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, அவரை டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து, முழுக்கக் கேட்டார். பிறகு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை அங்கிளுக்குக் கோபம் பாதிதான் வந்தது. மூன்றாம் தடவை மீன்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஹைஃபை லா, அங்கிள்" என்று ஆண்ட்டி ஆம்ப்ளிஃபையரைக் காட்டினார்.

அங்கிள் எழுந்து போய்ப் பார்த்தார். குமிழை ஒரு விரலால் தொட்டார். அடுத்த வாரம் தன்னிடமிருந்த சீனப் பாட்டு சிடி ஒன்றைக் கொண்டுவந்து, இதில் போட்டுக் கேட்கலாமா என்று கேட்டார். அதன் பிறகு மாதம் ஒருமுறை புகார் சொல்ல வருவார். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்து புகார் சொல்வார்.

சத்தமாக டிவி வைக்கிற கிழவியை யாருக்கும் பிடிக்காது. ஆனால் சத்தமாக ஹைஃபை வைக்கிற பெண்மணியை ரசிகை என்று சொல்லிவிடுவார்கள். இந்த வித்தியாசத்தை ஆண்ட்டி எங்களுக்கெல்லாம் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார் என்று பின்னால்தான் புரிந்தது.

ரசிகை என்பதற்கு ஏற்ற மற்ற குணங்களும் இருந்தன. கைப்பேசியில் பேசவே மாட்டார். "போன்ல குவாலிட்டி இல்ல. மெசேஜ் போடு" என்பார். கல்யாண விருந்துக்குப் போனால் பெரிய ஸ்பீக்கருக்கு அடுத்த மேசையில்தான் உட்காருவார். மற்றவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவர் பிரியாணியை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "பேஸ் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்.

சனிக்கிழமை காலைகளில் அவரோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போவேன். வெட்டுக்கத்திச் சத்தம், ஐஸ் கொட்டும் சத்தம், கூவல் என்று அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். ஆண்ட்டி ராணி மாதிரி நடப்பார். மீனைக் காட்டுவார், விரலை மடக்குவார், உதட்டைப் பிதுக்குவார், பை நிறைந்துவிடும். நான் பின்னால் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே போவேன்.

அவருக்கு ஒரே மகன். பாசிர் ரிஸ்ஸில் மனைவி, பிள்ளைகளோடு இருந்தார். ஞாயிறு தோறும் தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். நல்ல மகன். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு ஒருநாள் என் முன்னாலேயே முற்றியது. அன்று அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்த்துப் பேசினார். வழக்கமாக அப்படிச் செய்ய மாட்டார்.

"மா, அங்க ரூம் சும்மாதான் கிடக்கு. இந்த வீட்டப் பூட்டிட்டு வந்துடுங்க. தனியா இருந்து என்ன பண்றீங்க?"

"எனக்கென்ன கொறச்சல்? கண்ணு தெரியுது, காது கேக்குது, காலு நடக்குது. இதுல ஒண்ணு போச்சுன்னா சொல்லு, அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வர்றேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் பேச்சு மாறி நீ எப்ப பாத்த?"

மகன் என்னைப் பார்த்து, "நீங்கதான் சாட்சி" என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஒப்பந்தம் அப்படித்தான் முடிந்தது.

அதற்கப்புறம் சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம். மழை இருட்டு. நான் கிளினிக்கில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் விளக்குப் போடவில்லை. அறையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஆண்ட்டி முன்னால் சாய்ந்தார், இன்னும் சாய்ந்தார், கடைசியில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"லைட்டப் போட்டுட்டுச் சொல்லு. கேக்கல."

எழுந்து போய் லைட்டைப் போட்டேன். திரும்பி வந்து உட்காருவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. குறுக்கே போட்ட நாற்காலி, டியூப்லைட், திறந்த கதவு, போனில் இல்லாத குவாலிட்டி, முதல்லேர்ந்து சொல்லு. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாளாக என் பேச்சில் குறை என்று நினைத்து நான் லிஃப்டில் ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

"எவ்ளோ நாளா ஆண்ட்டி?"

"ஃபேக்டரி விடறப்பவே கொஞ்சம். இப்ப மனுஷங்க குரல் ஒண்ணும் சரியா பிடிபடல. வாயப் பாத்துப் புடிச்சிடுவேன். இந்தப் பொட்டி ஒண்ணுதான் இன்னும் கேக்குது. அதையும் ஒரு வார்த்த விட்டுட்டா ரிவர்ஸ் பண்ணிப் பண்ணிக் கேக்கறேன்."

"காதுக்கு மெஷின் வச்சிக்கலாம்ல?"

"வச்சா காதுல தெரியும். தெரிஞ்சா பாசிர் ரிஸ்." ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிவியில சத்தம் வச்சா ஸ்கிரீன்ல நம்பர் காட்டும், பாத்திருக்கியா? என் பையன் நம்பரப் பாத்தா கண்டுபிடிச்சிருவான். ஆம்ப்ளிஃபையர்ல நம்பர் இல்ல."

"அங்க போனாத்தான் என்ன? நல்லாத்தானே பாத்துப்பாங்க."

"நல்லா பாத்துப்பாங்க. ஏர்கான் போட்டுக் கதவச் சாத்திருவாங்க. ஆள் வர்றது எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தன் ரூம்லேர்ந்து பேசுவான், ஒருத்தி கிச்சன்லேர்ந்து பேசுவா, பேரப்பசங்க போனப் பாத்துக்கிட்டே பேசும். நான் எல்லாத்துக்கும் தலைய ஆட்டிக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்திருக்கணும். இங்க நான் ஹைஃபை ஆண்ட்டி. அங்க போனா செவிட்டுக் கிழவி. போதுமா?"

போதும் என்றேன். பிறகு அவர் என்னைக் கிளினிக் சண்டையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வரும் நேரம் பார்த்து நானும் ஏதாவது குழம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் வேலை. மகன் கைப்பேசியைத் தடவிக்கொண்டே ஏதாவது கேட்பார். நான் ஆண்ட்டியின் பக்கம் திரும்பி, "ஆமா ஆண்ட்டி, மருந்து சாப்டீங்களான்னு நானும் கேக்கணும்னு நெனச்சேன்" என்பேன். ஆனால் பெரும்பாலும் என் உதவி தேவைப்படாது. மகன் கேட்கும் கேள்விகள் மாறாதவை, வரிசையும் மாறாது. சாப்டீங்களா, மருந்து சாப்டீங்களா, லிஃப்ட் வேலை செய்யுதா. ஆண்ட்டி அவர் வாய் அசைவதை வைத்து வரிசைப்படி பதில் சொல்லிவிடுவார். ஒரே ஒரு ஞாயிறு, ஏதோ ஞாபகத்தில் மகன் வரிசையை மாற்றிவிட்டார்.

"லிஃப்ட் வேலை செய்யுதா மா?"

"சாப்ட்டேன்."

மகன் நிமிர்ந்து பார்த்தார். "காலையில லிஃப்ட் லேட்டு. மேல வந்து சேர்ந்ததுக்கு அப்புறமாத்தான் சாப்ட்டாங்க" என்றேன். மகன் மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டார். ஆண்ட்டி என்னைப் பார்த்து இரண்டு பாக்கெட் முறுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் கேபிள் கம்பெனி எல்லாருக்கும் பழைய ரெக்கார்டர் பாக்ஸை எடுத்துக்கொண்டு புது பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. நான் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கம்பெனியிலிருந்து வந்த ஆள், இந்தக் காலத்தில் யார் ஹைஃபை வைத்துக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். புது பாக்ஸை ஒரே கேபிளில் டிவியோடு இணைத்து, சாமிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஊரிலிருந்து திரும்பினேன். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. நடைபாதை அமைதியாக இருந்தது. யாரோ வீட்டில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. எங்கள் மாடியில் குக்கர் விசில் கேட்டு நான் அறிந்ததில்லை. பையை வாசலில் போட்டுவிட்டு ஆண்ட்டி வீட்டுக்கு ஓடினேன்.

ஆண்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு குடும்பமே வாயைத் திறந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சத்தம் ஒரு சொட்டு இல்லை. கீழே ஆங்கிலத்தில் வசன வரி ஓடியது. சிரிக்க வேண்டிய இடத்தில் ஆண்ட்டி சிரித்தார்.

சோபாவில் மகன். கைப்பேசி கையில் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஆண்ட்டி என்னைக் கண்டதும் படத்தை நிறுத்தினார். புது பாக்ஸின் ரிமோட்டையும் பழையபடி ஆம்ப்ளிஃபையர் ரிமோட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். வழக்கமான சிரிப்பு, வழக்கத்தைவிட ஒரு பங்கு பெரிதாக.

"வந்துட்டியா? புது பாக்ஸ் பாரு. சவுண்டு எப்படி? முன்னவிட கிளியரா இல்ல?"

நான் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். குமிழில் இருக்கும் சிவப்புப் புள்ளி, போகக்கூடிய கடைசி இடத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஆண்ட்டி என்னை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. கிளியரா இல்ல?"

மகன் அம்மா தன் வாயைப் பார்ப்பதைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

"ரொம்ப கிளியரா இருக்கு மா" என்றார், ஒவ்வொரு சொல்லாக.

பிறகு எழுந்து, எதையோ தேடுகிற மாதிரி அலமாரிக்குப் பின்னால் போனார். அம்மா மறுபடி நாடகத்தை ஓட விட்டார். பின்னால் சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் தரையில் கிடந்தன. புது பாக்ஸின் முதுகில் அவற்றுக்கான ஓட்டைகள் சும்மா இருந்தன. சத்தமெல்லாம் அந்த ஒரே கேபிள் வழியாக, அடியோடு குறைத்து வைத்த டிவிக்குள் போய் முடிந்திருந்தது. மகன் குனிந்து இரண்டையும் செருகினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாடகத்து மாமியார் எங்கள் நடுவில் நின்று கத்தினாள். ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்கள் நகர்ந்தன. சாமி மேடையில் மணி தானாக அடித்தது. மகன் அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை இடித்துக்கொண்டு ஓடிவந்து, அம்மா மடியிலிருந்து ரிமோட்டைப் பறித்து அழுத்தினார். சேனல் மாறியது. அடியிலிருந்த விரல் எதையோ அழுத்தியது. சீனச் செய்தி, சமையல், ஒரு புலி மானைத் துரத்தியது, எல்லாம் அதே முழுச் சத்தத்தில். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஆண்ட்டி எழுந்து நடந்தார். சத்தத்தைக் குறைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கரின் லேஸ் உறையைத் தூக்கிவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"கேக்குது" என்றார்.

எங்கள் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க ஈரம்.

"கேக்குதுடா. எனக்குக் கேக்குது."

மகன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, ஒரே திருப்பில் திருப்பி, அழுத்தினார். குமிழ் தானாக மெதுவாகப் பின்னால் திரும்பி அதன் பழைய இடத்துக்கு வந்தது. இன்னொரு திருப்பு. புலி பாய்ந்த நிலையில் நின்றது. வீடு அமைதியானது. அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று ஆண்ட்டிக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பேண்டைச் சரிசெய்தார்.

வாசலில் கீழ் வீட்டு அங்கிள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"ஆண்ட்டி ஓகே?" என்று என்னிடம் கேட்டார். சில நாளாக மேலே சத்தமே இல்லை, தண்ணீர் ஆடவே இல்லை, ஆண்ட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தினம் இரண்டு தடவை மேலே வந்து வாசல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனேன் என்று மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னார். வந்த ஒவ்வொரு தடவையும் ஆண்ட்டி டிவி முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாராம். அதனால் இன்னும் பயந்தாராம். மகன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கிள், சத்தம் வந்துவிட்டது, நல்லது, ஆனால் இப்போது கொஞ்சம் அதிகம் என்று புகார் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"ஒயருன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றார் ஆண்ட்டி, யாரையும் பார்க்காமல். "காதுதான் முழுசா போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். குமிழ முழுசும் திருப்பிட்டேன், ஒண்ணுமே இல்ல. சரி, இத்தோட முடிஞ்சிதுன்னு உக்காந்துட்டேன்."

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை.

"சொன்னா சொன்னதுதான்." ஆண்ட்டி நிமிர்ந்து ஸ்பீக்கர்களைப் பார்த்தார். "இந்த ரெண்டும் ஒன் வீட்டு ஹால்ல நிக்குமா? இல்ல, கீழ அங்கிளுக்குக் குடுத்துடவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முறுக்கு டின்னைத் திறந்தேன்.

மகன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். எதிர் நாற்காலியை இழுத்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். அம்மா அவர் வாயைப் பார்த்தார்.

"காதுக்கு மெஷின் பாக்கலாம் மா. வீட்டப் பூட்ட வேணாம், கதவு இப்படியே திறந்திருக்கட்டும். நீங்க இங்கயே இருங்க."

அவ்வளவு நல்ல வெளிச்சத்தில், அவ்வளவு நிதானமாகச் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்குத் தப்பியிருக்காது. எத்தனையோ தடவை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவருக்குப் புரிந்த முகம் எது, புரியாத முகம் எது என்று எனக்குத் தெரியும். இது புரிந்த முகம்.

ஆண்ட்டி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "முதல்லேர்ந்து சொல்லு."

மகன் முதலிலிருந்து சொன்னார்.